சொல்லியாச்சு

முதலில் டிக், பிறகு ஃபோன். பத்தொன்பது வருடம் எங்கள் அறை இப்படித்தான் ஓடியது. இதை வெளியே சொல்லக் கூடாது என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே புரிந்துகொண்ட விஷயம்.

மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், பரிசோதனைக்கூடத்துக்கு அடுத்த அறை. நாங்கள் நான்கு பெண்கள். ரத்தமோ சதையோ, எதை எடுத்துச் சோதித்தாலும் அதன் ரிப்போர்ட் எங்கள் திரைக்குத்தான் முதலில் வரும். நன்றாக இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வோம். சாம்பிள் கெட்டுப்போயிருந்தால் மறுபடி கொடுக்கச் சொல்வோம். மோசமாக இருந்தால், ஒரு மனிதர் ஃபோனில் பேசி, டாக்டரைப் பார்க்க வரச் சொல்ல வேண்டும் என்பது விதி. பேசி முடித்த பிறகு 'சொல்லியாச்சு' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும்.

விதி போட்டவர்களுக்கு என்ன, போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாலை நான்கு மணிக்குள் டிக் விழாத பெயர்கள் சிவப்பாகி மேனேஜரின் திரைக்குப் போகும். ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு விளக்கக் கடிதம். ஃபோனை எடுக்காதவர், நம்பரை மாற்றியவர், வெளியூர் போனவர் என்று ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் ஃபோன் யார் செய்வது? அதனால் காலையில் ரிப்போர்ட் வந்ததுமே எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடுவோம். பேச வேண்டியவர்களின் பெயரையும் நம்பரையும் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வோம். ஆஸ்பத்திரி லைன் எப்போதும் பிஸி என்பதால் எங்கள் சொந்த ஃபோனிலேயே கூப்பிடுவோம். அன்றைக்குக் கிடைக்காவிட்டால் மறுநாள், மறுநாளும் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து. சொன்ன பிறகுதான் தாளில் பெயரை அடிப்போம்.

கம்ப்யூட்டரில் இருந்தது மேனேஜருக்கு. தாளில் இருந்ததுதான் நிஜம். பத்தொன்பது வருடத்தில் ஒரு பெயரைக்கூட அடிக்காமல் நாங்கள் தாளைக் கிழித்ததில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு இனி வாய் இருக்கிறதா என்பது வேறு.

அப்புறம் மாப்பிள்ளை வந்தார். ஏ.ஐ. உதவியாளர் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது மைக் அக்கா. எங்களில் மூத்தவர், அவர் ஃபோனில் பேசினால் கீழ்மாடிவரை கேட்கும். சுவருக்குப் புது வெள்ளை, மேசைக்குப் புதுத் திரை, பெரிய டாக்டரிலிருந்து எல்லோரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "என் கல்யாணத்துல நிஜ மாப்பிள்ளைக்கே இவ்வளவு உபசாரம் கிடையாதுடி" என்றார் மைக் அக்கா.

சாஃப்ட்வேர்க்காரர் ஒருவர் பதினோரு நாள் எங்களோடு உட்கார்ந்தார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை, அதுதான் என் எரிச்சல்.

"ரிப்போர்ட் வந்ததும் முதல்ல என்னங்க பண்ணுவீங்க?"

"படிச்சுப் பார்ப்போம்."

"அப்புறம்?"

"கூப்பிடுவோம். பேசிட்டு டிக் போடுவோம்."

அவர் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "பதிவுல பார்த்தா, ரிப்போர்ட் வந்து பத்து நிமிஷத்துல எல்லாத்துக்கும் டிக் விழுந்திருக்கே. அவ்வளவு வேகமாவா பேசுவீங்க?"

வாசலில் மேனேஜர் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக் அக்கா திடீரென்று கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"பழக்கம்தாங்க" என்றேன்.

"நான்தான் சொன்னேனே, இந்த டீம் பறக்கும்னு" என்றார் மேனேஜர்.

சாஃப்ட்வேர்க்காரர் சிரித்தார். ஆனால் விடவில்லை. "கம்ப்யூட்டர்ல வராம, கையால நீங்களா பண்ற வேலை ஏதாவது இருந்தா சொல்லிடுங்க. இது பதிவைப் பார்த்துத்தான் கத்துக்கும். நீங்க சொல்லாதது இதுக்குத் தெரியாது."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றேன். என் மடியில் இருந்த கைப்பைக்குள் பதினான்கு பெயர் எழுதிய தாள் இருந்தது. மேனேஜர் மட்டும் அப்போது வாசலில் இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். நம்பிக்கை வரவில்லை.

அடுத்த மாதம் மாப்பிள்ளை வேலையை எடுத்துக்கொண்டார். மூன்று பேரை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். மைக் அக்கா கீழே வரவேற்பு மேசைக்குப் போனார். நான் மட்டும் 'மேற்பார்வை' என்று அதே நாற்காலியில் இருந்தேன். மாப்பிள்ளைக்குத் தனி அனுமதி வரும்வரை என் பெயரிலேயே கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை செய்யட்டும், தற்காலிகம்தான் என்றார்கள். எங்கள் கட்டடத்தில் தற்காலிகமாகப் போட்ட தகரக் கூரைக்கு இப்போது எட்டு வயது.

வேலை சுகமாக இருந்தது. நல்ல ரிப்போர்ட்டுகளுக்கு மெசேஜ் தானாகப் போனது. 'அழைக்க வேண்டியவர்கள்' என்று காலையில் ஒரு பட்டியல் வரும், பத்துப் பேர் இருப்பார்கள். எல்லாம் சாம்பிள் கெட்டுப்போன கேஸ். மோசமான ரிப்போர்ட் வாரத்துக்கு ஐந்தாறு வருமே, அது எங்கே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. 'கஷ்டமான பேச்சையெல்லாம் இனிமே டாக்டர்களே பார்த்துக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு' என்று மேனேஜர் எப்போதோ ஒரு கூட்டத்தில் சொன்னார். அவர் சொன்ன யோசனையை நான் நடந்துவிட்ட காரியமாக எடுத்துக்கொண்டேன். ஏன் என்றால் அந்த ஃபோன்கள் எனக்குப் பிடிக்காது. பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் பிடித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்கம் ஒரு மூச்சு நிற்கும். அதைக் கேட்க வேண்டாம் என்றதும், வந்தவரைக்கும் லாபம் என்று இருந்துவிட்டேன். ஊருக்கே உடம்பு சரியாகிவிட்டது என்றா நினைத்தேன்? எதையுமே நினைக்கவில்லை என்பதுதான் உண்மை.

இந்தச் சுகத்துக்கு நடுவில்தான் பாப்பா பரிசோதனைக்கு வந்தாள். என் கணவரின் தங்கை. நாற்பத்து மூன்று வயதிலும் எங்கள் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள். காலுக்கடியில் தனி பிரேக்கும் வாய் நிறையத் திட்டுமாக நாளைக்கு எட்டுப் பேரைச் சமாளிக்கிறவள். எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். எனக்குக் கூடப் பிறந்த தங்கை இல்லை. அந்தக் குறையை அவள் வைக்கவில்லை.

இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி. நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சதை எடுக்க வைத்தேன். "எப்ப அண்ணி தெரியும்?" என்றாள்.

"ஒரு வாரம் ஆகும். மோசமா இருந்தாத்தான் ஃபோன் வரும். வரலைன்னா காலை நீட்டிப் படுத்துத் தூங்கு."

பத்து நாள் கழித்து மாடிப்படியில் நின்று கேட்டாள். "ஃபோன் வரல அண்ணி. ஆனா மெசேஜும் வரலையே?"

"ஃபோன் வரலல்ல? அது போதும். மெசேஜ் எங்கயாவது மாட்டிக்கிட்டிருக்கும். மாப்பிள்ளைன்னா கொஞ்சம் முறுக்கிக்கத்தான் செய்வார்."

அவள் சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அடுத்த அறைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் நாற்காலியிலிருந்து பரிசோதனைக்கூடத்துக்குப் பதினைந்து அடிகூட இருக்காது.

ஏழு வாரம் போனது. ஒரு காலையில் நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பாப்பா வந்தாள். என் ஈரக் கையை எடுத்துத் தன் இடது பக்கத்தில் வைத்தாள். "முன்னைவிடப் பெருசா இருக்குல்ல?" என்றாள். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அலுவலகம் போனதும் நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குள் நுழைந்தேன். அங்கே இருக்கிற டெக்னீஷியன் எனக்குப் பத்து வருடப் பழக்கம். நம்பரைச் சொன்னேன். தட்டிப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"இது ஏழு வாரம் முன்னாடியே போயிடுச்சே. உடனே வரச் சொல்லணும்னு எழுதியிருக்கோம். நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

"நானா?"

"பாருங்க."

பார்த்தேன். ரிப்போர்ட் வந்தது காலை எட்டு ஐம்பத்தெட்டு. சொல்லியாச்சு, ஒன்பது ஆறு. சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர், முதலெழுத்தோடு சுத்தமாக இருந்தது.

எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை எங்களுடைய பழைய பதிவுகளைப் படித்தார். ரிப்போர்ட் வந்த பத்து நிமிடத்தில் டிக் போடுவது இந்த அறையின் வழக்கம் என்று தெரிந்துகொண்டார். அப்படியே செய்தார். டிக் விழுந்தவரிடம் பேசியாகிவிட்டது என்றுதானே அர்த்தம், அதனால் அழைக்க வேண்டியவர்கள் பட்டியலில் அந்தப் பெயர்களைச் சேர்க்கவில்லை. சாம்பிள் கெட்டவர்கள் வேறு படிவத்தில் வந்ததால் தப்பித்தார்கள். டாக்டர்களோ திரையில் 'சொல்லியாச்சு' என்று பார்த்துவிட்டு, வருவார்கள் என்று காத்திருந்தார்கள். எங்கள் தாள் மட்டும் மாப்பிள்ளைக்குத் தெரியாது. அதைக் காட்டாமல் மடியில் ஒளித்து வைத்திருந்தவள் நான்.

"இந்த மாதிரி வேற எத்தனை பேர் இருக்காங்கன்னு பாருங்களேன்" என்றேன்.

அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். முப்பத்தேழு பேர். ஆறு பேர் தாங்களாகவே பயந்துபோய் வந்து காட்டியிருந்தார்கள். மீதி முப்பத்தொன்று. அந்தத் தாளில் பாப்பா ஐந்தாவது.

மேனேஜரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், பழைய தாள் விஷயம் உட்பட. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். பயந்தவர்கள் கையில் பேனா இருந்தால் என்னென்னவோ எழுதுவார்கள்.

"பதட்டப்படாதீங்க. பதிவு சரியா இருக்கு. சொல்லியாச்சுன்னுதானே இருக்கு? நாளைக்கு எல்லாரையும் கூப்பிடுங்க. 'ஏற்கெனவே சொன்னோம், நீங்க வரல, ஞாபகப்படுத்தறோம்'னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

"சார், யாருக்கும் சொல்லலையே."

"ஃபோன்ல யார் எப்ப என்ன சொன்னாங்கன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? இல்லைன்னா என்ன ஆகும்னு யோசிங்க. உங்க பேர்தான் இருக்கு. இத்தனை வருஷமா முன்கூட்டியே டிக் போட்டது வேற வெளிய வரும். உங்க நாத்தனார் விஷயம் இன்னும் சுலபம். வீட்டுக்குள்ள பேசிக்கலாம்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். பாப்பாவை இன்றைக்கே டாக்டரிடம் காட்ட நேரம் வாங்கிக் கொடுத்தால் போதும், மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் பூசி மெழுகிக்கொண்டு வெளியே வந்தேன்.

பாப்பாவிடம் எதையும் சொல்லவில்லை. "சும்மா ஒரு தடவை டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வந்துடுவோம்" என்று ஃபோனில் கூப்பிட்டேன். டிரைவிங் ஸ்கூல் சட்டையோடே வந்தாள். வரவேற்பு மேசையில் மைக் அக்கா அவளைப் பார்த்துக் கையசைத்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்தார், திரையைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் படித்தார்.

"கட்டி நல்லதில்லைம்மா. புற்றுநோய்தான். ஆபரேஷன் பண்ணணும். அதுக்கு முன்னாடி வேற எங்கயாவது பரவியிருக்கான்னு ஸ்கேன் எடுக்கணும். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. ஏழு வாரம் முன்னாடியே உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. ஏன் வரல?"

"எனக்கா?"

டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இதோ. தேதி, நேரம், சொன்னவர் பேர் எல்லாம் இருக்கு."

பாப்பா குனிந்து படித்தாள். சொன்னவர் என்ற இடத்தில் அவள் கண் நின்றதைப் பார்த்தேன். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைக் கணக்குப் போட்டே பிழைக்கிறவள் அவள். என் பக்கம் திரும்பவேயில்லை.

"ஆமா டாக்டர்" என்றாள். "சொன்னாங்க. நான்தான் பயந்துக்கிட்டு வராம இருந்துட்டேன்."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பார்த்தா விவரம் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கீங்க. இதுலயா அலட்சியம்? ஏழு வாரம்னா எவ்வளவு தெரியுமா? உங்க உடம்பு, நீங்களே பார்த்துக்கலைன்னா நாங்க என்ன பண்றது?" என்று பொரிந்து தள்ளினார். போக்குவரத்து போலீஸிடம்கூடத் தலை குனியாத பாப்பா, மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். "சரிங்க டாக்டர், தப்புதான் டாக்டர்" என்றாள்.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரமும் நான் வாயைத் திறக்கவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். மேனேஜர் சொன்னதுபோல் எல்லாம் சுலபமாக முடிந்துகொண்டிருந்தது. நாளைக்கு இதேபோல் இன்னும் முப்பது பேர் தலை குனிவார்கள். சொன்னாங்களோ என்னவோ, நமக்குத்தான் ஞாபகம் இல்லையோ என்று தங்களைத் தாங்களே திட்டிக்கொள்வார்கள். பாப்பாவின் கழுத்துப் பின்னால் சட்டைக் காலர் மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்யக் கையைத் தூக்கினேன். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"அவளைத் திட்டாதீங்க டாக்டர். யாரும் அவகிட்ட சொல்லல. அந்தப் பேர் என்னோடது. நான் சொல்லல."

"அண்ணி, சும்மா இருங்க" என்றாள் பாப்பா.

"சும்மா இருந்துதான் இங்க வந்து நிக்கிறோம்" என்றேன். டிக்கிலிருந்து தொடங்கித் தாள், மாப்பிள்ளை, முப்பத்தொரு பேர் வரைக்கும் சொன்னேன். அழுதேன். அசிங்கமாக, மூக்கு வடிய அழுதேன். டாக்டரம்மா கேட்டுவிட்டு, பெரிய டாக்டருக்கு ஃபோன் போட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. மாப்பிள்ளையை நிறுத்தி வைத்தார்கள். மேனேஜர் அறைக் கதவு திறந்து திறந்து மூடியது. என்னை மறுநாளிலிருந்து வர வேண்டாம், விசாரணை முடியும்வரை வீட்டில் இருங்கள் என்றார்கள். "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் விடுங்க. இவங்களோட நான் பேசணும்" என்றேன். பெரிய டாக்டர் பேசுங்கள் என்றார்.

பாப்பா ஸ்கேனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். வீட்டுக்குப் போ என்றேன். கேட்கவில்லை. மைக் அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியை என் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். முப்பத்தொரு பெயரையும் பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்தேன். அவள் தாளை எடுத்துக்கொண்டு நம்பர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் என் ஃபோனில் அழுத்தினேன்.

"வணக்கம். ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். உங்க ரிப்போர்ட் பத்தி உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு எங்களோடது. நாளைக்குக் காலையில நீங்க டாக்டரைப் பார்க்கணும்."

சிலரிடம் அந்த மூச்சு நின்றது, நான் காத்திருந்தேன். ஒருவர் நன்றி சொன்னார், அது அடித்ததுபோல் இருந்தது. ஒருவர் ஏற்கெனவே முடியாமல் போய் வேறு மருத்துவமனையில் கிடந்தார். அவருடைய மகன் என்னைத் திட்டினார். ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. ஒவ்வொன்றும் முடிந்ததும், "அடிச்சிடவா?" என்று பாப்பா கேட்பாள். "அடி" என்பேன். கிடைக்காதவர்களின் பெயரை அப்படியே விட்டோம். அவர்களை நாளைக்கு மைக் அக்கா தன் ஃபோனில் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

நான்காவது முடிந்ததும் பாப்பா நேராக ஆறாவதைப் படித்திருந்தாள். நானும் அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

முப்பத்தொன்றாவது முடிந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டிருந்தது. பாப்பா தாளை மேசைமேல் வைத்து, விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள்.

"இது ஒண்ணு இருக்கு அண்ணி."

"அதான் டாக்டரம்மா சொல்லிட்டாங்களே."

"அவங்க சொன்னாங்க. நீங்க இன்னும் சொல்லல. சொன்னாத்தானே அடிக்கணும்?"

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. கோபமும் இருந்தது, கொஞ்சம். இருக்கத்தான் வேண்டும். என் கை தானாக ஃபோனை எடுத்து அழுத்தியது. மேசைக்கு அந்தப் பக்கம், அவள் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ."

"வணக்கம். ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"சொல்லுங்க" என்றாள். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் மூச்சு நின்றதையும் மறுபடி வந்ததையும் ஃபோனிலும் கேட்டேன், நேரிலும் கேட்டேன். ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, பேனாவை எடுத்து, தன் பெயரைத் தானே அடித்தாள்.